தேங்காய் எண்ணெய்ப் பாடம்

சின்னப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு சொல்லித்தர எல்லோரும் ஐஸ்கட்டியைத்தான் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழிக் குளிரில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. ஒரு துண்டை உள்ளங்கையில் வையுங்கள். முதலில் ஓரம் பளபளக்கும், அப்புறம் விரலிடுக்கில் வழியும். உடம்புச் சூடே போதும், அடுப்பு வேண்டாம். (துடைக்கத் துணி வேண்டும்!)

வாயுவுக்கு இட்லிப் பானை சரிதான். ஆனால் வெள்ளையாகக் கிளம்புவதை நீராவி என்று சொல்லிவிடாதீர்கள். அது பொடிப்பொடி நீர்த்துளி. நீராவி கண்ணுக்கே தெரியாது. குக்கர் விசிலடிக்கும்போது வாயை ஒட்டி வெறுமையாக ஒரு சின்ன இடைவெளி தெரியுமே, அங்கேதான் இருக்கிறது. தள்ளி நின்றே காட்டுங்கள்.

மணலும் ஊற்றினால் ஓடுகிறதே என்று ஒரு வாண்டு நிச்சயம் கேட்கும். ஒரே ஒரு மணல்துகளை விரல்நுனியில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்; ஒவ்வொரு துகளும் வடிவம் மாறாத திண்மம்தான் என்று தானே புரிந்துகொள்ளும்.