அம்புக்குறியின் மேலே எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்

நீட் முடிவு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. இரண்டாம் முயற்சியில் கரையேறிவிட்டதால் நிதானமாக எழுத முடிகிறது. சென்ற ஆண்டு இதே சமயத்தில் வேதியியல் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தேன். அல்கேன் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்), அல்கீன் (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு கொண்டது) ஆகியவற்றின் ஹாலஜன் (குளோரின், புரோமின், அயோடின் போன்றவை) வினைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எளிது என்று நம்பி நான் ஏமாந்த பகுதி அதுதான்.

என் பெரிய தவறு இதுதான். பென்சாயில் பெராக்சைடு முன்னிலையில் புரோப்பீனுடன் ஹைட்ரஜன் குளோரைடு வினைபுரிந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். பெராக்சைடு என்ற சொல்லைக் கண்டவுடன் மார்கோனிகாஃப் விதியை (அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனிலேயே ஹைட்ரஜன் சேரும் என்பது) தலைகீழாக்கி, 1-குளோரோபுரோப்பேன் என்று குறித்தேன். விடை 2-குளோரோபுரோப்பேன். மூன்று மாதிரித் தேர்வுகளில் இதே இடத்தில் இதே போல வழுக்கினேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பெராக்சைடு விளைவு, அதாவது பெராக்சைடு இருந்தால் அந்த விதி தலைகீழாவது, ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே உரியது. ஹைட்ரஜன் புரோமைடின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 363.7 கிலோஜூல் போதும், குளோரைடுக்கோ 430.5 தேவைப்படுவதால், தனி உறுப்பால் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துகளால்) அந்தப் பிணைப்பை எளிதில் உடைக்க முடிவதில்லை. அயோடைடில் பிணைப்பு எளிதில் உடைந்தாலும், அயோடின் அணுக்கள் இரட்டைப் பிணைப்புடன் சேராமல் தமக்குள் இணைந்து மூலக்கூறாகிவிடுகின்றன. இந்தக் காரணம் புரிந்த பிறகு நான் அதை மனப்பாடம் செய்யவே இல்லை.

அதற்குப் பின் ஒரு தனி நோட்டுப் போட்டு, வினைபடு பொருளை மறைத்துவிட்டு, அம்புக்குறியின் மேலுள்ள நிபந்தனையிலிருந்து வினை எவ்வகையைச் சேர்ந்தது என்று சொல்லிப் பழகினேன்.

ஒளி: தனி உறுப்பு, பதிலீடு (ஹைட்ரஜனின் இடத்தை ஹாலஜன் பிடிப்பது).
கார்பன் டெட்ராகுளோரைடில் புரோமின்: எதிரெதிர்ப் பக்கங்களில் சேர்க்கை (இரட்டைப் பிணைப்பில் போய் இணைவது), செம்பழுப்பு நிறம் மறையும்.
நீரில் புரோமின்: ஈத்தீனிலிருந்து முதன்மையாக 2-புரோமோஎத்தனால்.
குளோரின், ஏறத்தாழ 770 கெல்வின்: புரோப்பீனில் சேர்க்கை அன்று, பதிலீடு.
ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு: நீக்கம் (ஹைட்ரஜனும் ஹாலஜனும் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாவது). நீர்க்கரைசல் என்றால் ஆல்கஹால்.

இவற்றைவிட அதிக நேரம் கேட்பது ஐசோபியூட்டேன். அதில் ஓரிணைய ஹைட்ரஜன்கள் (வேறு ஒரே ஒரு கார்பனுடன் இணைந்த கார்பனில் இருப்பவை) ஒன்பது, மூவிணைய ஹைட்ரஜன் (வேறு மூன்று கார்பன்களுடன் இணைந்த கார்பனில் இருப்பது) ஒன்று. குளோரினேற்றத்தில் மூவிணைய ஹைட்ரஜனின் வினைத்திறன் ஏறத்தாழ ஐந்து மடங்குதான் என்பதால், 9-க்கு 5 என்ற கணக்கில் ஓரிணைய குளோரைடே ஏறக்குறைய 64 விழுக்காடு வந்துவிடும். புரோமினேற்றத்தில் அந்த வினைத்திறன் ஏறத்தாழ 1600 மடங்கு ஆகிவிடுவதால், 99 விழுக்காட்டுக்கு மேல் மூவிணைய புரோமைடுதான். மூவிணையமே எப்போதும் முதன்மை விளைபொருள் என்று குறுக்குவழி கற்பிப்பவர்களை நம்பி நான் ஓராண்டை இழந்தேன். கொஞ்சம் கசப்போடுதான் இதை எழுதுகிறேன்.

3-மெத்தில்பியூட்-1-ஈனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது ஹைட்ரைடு (எலக்ட்ரான் இணையுடன் கூடிய ஹைட்ரஜன்) பக்கத்துக் கார்பனுக்கு இடம்பெயர்ந்து 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் உருவாவதைக் கையால் ஐந்து முறையாவது வரைந்து பாருங்கள். எனக்குப் படித்தால் நிற்காது, வரைந்தால்தான் நிற்கும். உங்களுக்கு வேறு விதமாக இருக்கலாம். மீத்தேனின் அயோடினேற்றம் மீள்வினை, அதை முன்னோக்கி நகர்த்த அயோடிக் அமிலம் போன்ற ஆக்ஸிஜனேற்றி வேண்டும் என்பதை ஒரே வரியில் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.