முதல் மழையோடு செருக்க வேண்டாம்

ஐப்பசி மழை இரண்டு தரம் விழுந்தால் போதும், வன்னி வளவுகளில் குப்பைக் கிடங்கடி, கிணற்றடி, கோழிக்கூட்டடி எல்லாம் தானாய் முளைத்த கன்றுகளால் பச்சை பிடித்துவிடும். பலர் அந்தக் கிழமையே மண்வெட்டியால் செருக்கித் துப்புரவாக்கிவிட்டுத் தக்காளிக் கன்று வாங்கக் கடைக்குப் போகிறார்கள். இரண்டு கிழமை பொறுங்கள். முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைக்குப் பிறகு மூன்று இலை வந்தால்தான் எது என்ன கன்றென்று தெரியும்.

தக்காளித் தண்டில் மெல்லிய மயிர் இருக்கும். இலையைக் கசக்கினால் மணமே சொல்லிவிடும். மிளகாய் இலை வழுவழுப்பு, மணமில்லை. வேலியடியில் முளைப்பது பெரும்பாலும் குருவி போட்ட விதை. குருவிக்கு உறைப்புத் தெரியாது. கவனம் தேவைப்படுவது கத்தரிக்குத்தான். அதே குப்பையில் ஊமத்தையும் முளைக்கும். கத்தரி இலையின் அடிப்புறம் பஞ்சுபோல இருக்கும். ஊமத்தையின் வித்திலை ஒடுங்கி நீண்டிருக்கும், கசக்கினால் கெட்ட நாற்றம். கசக்கிய கையால் கண்ணைத் தொடாதீர்கள், கண்மணி விரிந்து பார்வை மங்கும். கீரையோடு கலந்தால் நஞ்சு என்பதால் கண்டவுடன் பிடுங்குங்கள்.

தக்காளிக் கன்றை நாலைந்து இலையில், பின்னேரம், வேர்மண்ணோடு கிளப்புங்கள். கீழிலை வரை தண்டைப் புதைக்கலாம். புதைந்த தண்டிலும் வேர் வரும். பப்பாசியை அப்படிப் புதைத்தால் அடி அழுகும், முன்பிருந்த மட்டத்திலேயே வையுங்கள். மூன்று நாள் வேப்பங்குழையால் நிழல் கொடுங்கள். போன வருடம் தக்காளி வாடிச் செத்த இடத்தில் முளைத்ததை நான் நம்பமாட்டேன். வாடிய செடியின் தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்த மண்ணில் கத்தரியும் மிளகாயும்கூட வைக்கக் கூடாது.

பப்பாசியில் பூக்கும்வரை ஆண் பெண் தெரியாது. ஒரு குழிக்கு மூன்று கன்று விடுங்கள். நீண்ட காம்பில் பூ கொத்தாகத் தொங்கினால் ஆண், வெட்டிவிடலாம். வளவுக்கு ஓர் ஆண் மரம் நின்றால் போதும். தண்ணீர் நிற்கும் களிமண் என்றால் மேடு கட்டித்தான் வைக்க வேண்டும், இரண்டு நாள் வெள்ளம் நின்றாலே வேர் போய்விடும். ரெட் லேடிப் பழத்து விதை தாயைப்போல வராது, அது கலப்பினம்.

பூசணி, சுரையை இடம் மாற்றாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் தேறாது. தானாய் முளைத்த சுரையில் முதற்காயைச் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் கொடியின் காய் ஒன்றும் வேண்டாம். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது.