குதிகாலுக்கு அடியில் ஒரு கை

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, எதிலும் எதுவும் பிடிபடாதவர்கள் கடைசியில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருவார்கள். கழுத்துவலி, தலைபாரம், நடு முதுகில் பிடிப்பு, கை மரத்துப்போவது. "நாலு நாள் கரண்ட் வெச்சுவிடுங்க, சரியாயிடும்" என்று அவர்களே சிகிச்சையையும் சொல்லிவிடுவார்கள். தோளைத் தொட்டால் கல்லாக இருக்கும். மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே நீடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்கள் மதமதக்கும், சிலருக்குக் கையே மடங்கி இறுகும். பயத்தில் தொடங்கிய மூச்சுதான், ஆனால் அந்த மதமதப்பு உண்மையானது. கற்பனை இல்லை.

இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள், ஸ்கேனில் எதுவும் இல்லாமலேயே கையோ காலோ திடீரென்று வராமல்போனவர்கள். செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று இதற்குப் பெயர்.

நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். இடது கால் தூக்க வரவில்லை. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள், இரண்டும் நார்மல். கூட வந்த மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க மேடம். வேலைக்குப் போகாம இருக்க இவ வேணும்னே பண்றா" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது.

ரிப்போர்ட் நார்மல் என்பதோடு பேச்சை முடித்தால் வீட்டில் அதற்குக் கிடைக்கும் அர்த்தம் இதுதான். அதனால் நான் ரிப்போர்ட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவதே இல்லை.

அவளை மல்லாந்து படுக்கவைத்து, இடது குதிகாலுக்கு அடியில் என் கையை வைத்து, "கீழே அழுத்து கண்ணு" என்றேன். முகம் சிவக்க முயன்றாள். கையில் ஒரு இறகின் பாரம்கூட விழவில்லை. அப்புறம் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, "அந்தக் காலை விடு, வலது காலைத் தூக்கு" என்று சொல்லி வலது முட்டிக்கு மேல் மறுகையால் அழுத்தம் கொடுத்தேன். வலது கால் மேலே எழும்பப் போராடிய அதே நொடி, வராத இடது கால் என் உள்ளங்கையைப் படுக்கையோடு வைத்து அழுத்தியது. நல்ல பலம்.

ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் கால் தானாகவே தரையை அழுத்துவது எல்லா உடம்புக்கும் உள்ள இயல்பு. சார்ல்ஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908-இல் இதைச் சோதனையாக எழுதிவைத்தார். நெடுங்காலம் இது நோயாளியின் பொய்யைப் பிடிக்கும் தந்திரமாகவே கையாளப்பட்டது. இப்போது எடின்பரோவின் நரம்பியல் மருத்துவர் ஜான் ஸ்டோன் போன்றவர்கள் இதை நோயாளிக்கே காட்டச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட நல்ல முதல் சிகிச்சை எதுவும் இல்லை.

அவளிடம் கேட்டுக்கொண்டு மாமியாரையும் பக்கத்தில் அழைத்தேன். அவர் கையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்லி இரண்டு சோதனையையும் திரும்பச் செய்தேன். "நரம்பும் தசையும் நல்லா இருக்குங்க. செல்போன் நல்லா இருந்தும் டவர் கிடைக்காத மாதிரி. இவ காலையே நினைச்சு அசைக்கப் பார்த்தா கட்டளை போய்ச் சேரல. கவனம் வேற பக்கம் போனா போய்ச் சேருது. இது நிஜமான நோய்தாங்க, நடிப்பு இல்ல" என்றேன். மாமியார் கையை எடுக்காமல், "இன்னொரு தடவை தூக்கு பார்க்கலாம்" என்று மருமகளிடம் சொன்னார்.

இதில் அவசரப்படக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1965-இல் லண்டனில் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர், 'ஹிஸ்டீரியா' (இந்த நோயின் பழைய பெயர்) என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பலருக்குப் பின்னால் வேறு நோய்கள் வெளிப்பட்டன. 1970-களுக்குப் பிறகு அப்படித் தவறாகக் கணிப்பது 4 சதவீத அளவுக்குக் குறைந்துவிட்டதாக 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஹூவர் சோதனையும் கடும் வலி இருப்பவர்களிடம் ஏமாற்றலாம். நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் கை வைப்பேன்.

பயிற்சியில் "முயற்சி பண்ணு, இன்னும் பண்ணு" என்று சொல்வதில்லை. முயற்சி கூடக் கூடக் கவனம் காலுக்கே போய் அது இன்னும் மக்கர் பண்ணும். இரு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ள பேரலல் பாருக்குள் பின்னோக்கி நடக்கவிட்டேன். பக்கவாட்டில் நடக்கவிட்டேன். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னேன். முன்னால் நடக்கும்போது இழுபட்ட கால், பின்னால் நடக்கும்போது ஒழுங்காக ஊன்றியது. அதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள்தான், நான் கேட்காமலேயே, மகளிர் குழுக் கடனைப் பற்றிச் சொன்னாள். தவணை வசூலிக்க வருகிறவர் தெருவில் நின்று சத்தம் போட்டது, புருஷனுக்குத் தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தது, மறுநாள் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது படியில் கால் மடங்கியது. நான் இதைத் தோண்டி எடுக்க முயலவில்லை. இந்த நோய் என்று சொல்ல மனக்காரணம் கட்டாயம் தெரிந்தாக வேண்டும் என்ற விதியை 2013-இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடே எடுத்துவிட்டது. எந்தக் கவலையும் சொல்லத் தெரியாதவர்களுக்கும் கால் வராமல் போகிறது. சொல்கிறவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி வேண்டும். அவளுக்கும் அங்கே சீட்டு போட்டுக் கொடுத்து, இரவில் நெஞ்சு படபடத்தால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணையும் ஓபி சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது பகல் ஷிப்ட்டுக்குப் போகிறாள். தூக்கம் கெட்ட நாட்களில் கால் இன்னும் லேசாக இழுக்கிறதாம். அப்போது மெஷினை விட்டு ஒதுங்கி, இரண்டு அடி பின்னால் நடந்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள். தாலிக்கொடி இன்னும் அடகில்தான் இருக்கிறது. கடன் விஷயம் புருஷனுக்குத் தெரிந்துவிட்டது, மாமியார்தான் சொன்னாராம். அடுத்த முறை புருஷனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.