அப்பாவின் பல்வலியும் 11 இலக்கமும்

அப்பாவின் இதயத்துடிப்பு சீரில்லை. இரத்தம் கட்டிபடாமல் இருக்க வோர்பரின் குளிசை போடுகிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதால் மாதாமாதம் விசுவமடுவிலிருந்து முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போவோம்.

நோயாளர் விபரமும் மருந்தும் பதிய ஆஸ்பத்திரிக்குக் கொம்பியூட்டர் வந்த மாதம் எங்களுக்கு அலைச்சல்தான். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஒரு விதம், கிளினிக் கொப்பியில் வேறு விதம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை! ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு அப்பாவுக்கென்று 11 இலக்க எண்ணும் பார்கோட்டும் போட்ட அட்டை கிடைத்தது. "இதுக்குக் கொப்பியே காணும்" என்று அப்பா முணுமுணுத்தார்.

போன மாதம் முரசு வீங்கிப் பல் கிளினிக்குக்குப் போனோம். கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டதற்கு, நான் வாய் திறக்கமுதல் "இல்லை" என்றுவிட்டார். வெளியே வந்து கேட்டால், "பல்லுக்குத்தானே வந்தனாங்கள், நெஞ்சுக்கு இல்லையே" என்கிறார்.

துண்டில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து எழுதியிருந்தது. மருந்து கொடுக்கும் யன்னலில் அட்டையை ஸ்கான் பண்ணிய பிள்ளை திரையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் வோர்பரின் எடுக்கிறனீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார்.

மெட்ரோனிடசோலை வோர்பரினோடு சேர்த்துப் போட்டால் ஐஎன்ஆர் ஏறிவிடும், முரசிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தம் கசியலாம் என்று அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தினார். உள்ளே போனில் கதைத்து மருந்தை மாற்றித் தந்தார். நாலு நாளில் ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லிக் கடதாசி உறையில் திகதியும் எழுதினார்.

கொம்பியூட்டர் தானாகக் கத்தவில்லை. பழைய மருந்தைக் காட்டியது, அவ்வளவுதான். நிதானமாக வாசிக்க ஆளில்லாவிட்டால் அந்தத் திரையால் என்ன பயன்? அதோடு, ஒரே ஆஸ்பத்திரிக்குள்தான் இந்தத் தொடர்பெல்லாம். பின்னேரம் தனியார் பார்மசியில் வாங்கும் நோவுக் குளிசை அதற்குத் தெரியாது. வோர்பரின்காரருக்கு டைக்குளோபெனக் போன்ற நோவுக் குளிசையும் ஆபத்துத்தான்.

அதனால் கொப்பியின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவோ வீட்டிலுள்ள குளிசை முழுவதையும் சொப்பிங் பையில் போட்டு எங்கும் கொண்டு திரிகிறார். போன கிழமை கண் கிளினிக்கில் அதை அப்படியே மேசையில் கொட்டினார். டொக்டர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்.