மருந்து நாள்

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் மருந்து நாள். பூச்சி இருக்கிறதோ இல்லையோ, ஸ்பிரேயரை முதுகில் மாட்டிவிடுவார்கள். இப்போது நுவரெலியாப் பக்கம் நான் பார்க்கும் கார்னேஷன் பூ டனல்களில் (பிளாஸ்டிக் கூடாரங்களில்) செவ்வாய் இலை பார்க்கிற நாள்.

பார்ப்பவர்கள் முன்பு கொழுந்து பறித்த அக்காமார். இலைச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான செஞ்சிலந்தி அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் தேயிலையில் அது முற்றிய இலையின் மேற்புறத்தில் இருக்கும். பூச்செடியில் வரும் இரட்டைப்புள்ளிச் சிலந்தி அடிப்புறத்தில். "இலையத் திருப்பிப் பாருங்க அக்கா" என்றேன். "இது ஏன் தம்பி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு?" என்று சிரித்தார் ஒருவர். அடுத்த வாரமே, ரோட்டுத் தூசி படுகிற ஓரப் பாத்திக்கு முதலில் போனவரும் அவர்தான். வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினார். தூசி போல விழுந்தவற்றில் சில நகர்ந்தன. அந்தப் பாத்திக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினோம்.

பனிப்பூச்சி (த்ரிப்ஸ்) இதைவிடத் தொல்லை. முட்டை இலைத் தசைக்குள், கூட்டுப்புழுப் பருவம் பெரும்பாலும் மண்ணில். இலைக்கு அடிக்கும் மருந்து நடுவில் இருப்பவற்றைத்தான் பிடிக்கும். நீல ஒட்டு அட்டை தொங்கவிட்டு, களை பிடுங்கி, விற்காமல் விரிந்துபோன பூக்களை வெட்டி மூடிய பையில் வெளியேற்றுவதுதான் எங்கள் பெரும்பாதி வேலை. மலர்ந்த பூவை வெட்டி எறிய யாருக்கும் மனம் வருவதில்லை. எனக்கும்தான்.

மருந்தைக் குறைக்க முதலாளியைச் சம்மதிக்க வைக்கத் தேயிலைக் கதையே உதவியது. இலைகளைச் சேர்த்துப் பின்னும் டோட்ரிக்ஸ் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். புழு அடங்கியது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்தபோது குளவி செத்தது, புழு திரும்பி வந்தது. "சரி, ஒரு டனல்ல செஞ்சு பாரும்" என்றார்.

மருந்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் சீசனுக்குப் பூ வாங்குபவர் இதழில் ஒரு கீறல் இருந்தாலும் எடுக்கமாட்டார். ரிப்பன் கட்டிய பாத்திக்கு மட்டும் அடிக்கிறோம். ஒரே வகை மருந்தை அடுத்தடுத்து அடிப்பதில்லை. பூச்சி உள்ளே வராமலிருக்க டனலுக்குப் போட்ட இரட்டைக் கதவு விஷயத்தில்தான் இன்னும் தோல்வி. ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கச் சொல்கிறேன். இரண்டு கையிலும் பூ வாளியோடு வருபவர் எதைக் கொண்டு மூடுவார்?