'அதை விடுங்க மேடம்'

கொடுமையான ஒன்றைக் கடந்து கவுன்சலிங்குக்கு வருகிறவர்களிடம் பயத்தைப் பற்றிப் பேசுவது ஓரளவு சுலபம். தூக்கமில்லை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அவமான உணர்வு அப்படி வெளியே வராது. கோர்வையாகச் சொல்லிக்கொண்டே வருபவர் ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி, "அதை விடுங்க மேடம்" என்பார். பெரும்பாலும் அது அங்கேதான் இருக்கும். நான் தோண்ட மாட்டேன். அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கலாம், அவசரமில்லை.

அடிக்கடி காதில் விழுவது, "நான் ஏன் கத்தலை?" எதிர்ப்பது, ஓடுவதுபோல உறைந்துபோவதும் ஆபத்தில் உடம்பு தானாகச் செய்வது, யாரும் யோசித்து எடுக்கிற முடிவு இல்லை. இதைச் சொன்னதும் சிலர் முகம் தெளியும். பலர், "புரியுது, ஆனாலும்..." என்று இழுப்பார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில், சிக்கலான பிடிஎஸ்டியின் (கொடுமையான அனுபவங்களுக்குப் பிறகு நீடிக்கும் ஒருவகை மனநலப் பாதிப்பு) அறிகுறிகளில் இந்த அவமான உணர்வும் தன்னையே மட்டமாக நினைப்பதும் உண்டு. 'இது உங்கள் குணமில்லை, பட்ட காயத்தின் அறிகுறி' என்று சொல்ல எனக்கு அது கைகொடுக்கிறது.

குடும்பத்தை எப்போதும் முதலில் தனியாகப் பார்ப்பேன், அதுவும் சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால்தான். 'அங்கே ஏன் போனே?' என்ற கேள்வி யார் வாயிலாவது இருக்கும். அது என்னோடு முடிந்துபோகட்டும்.

ஒரு தாயும் மகளும் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சம்பவத்துக்குப் பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை நொந்துபோவாள் என்று நினைத்திருக்கிறார். மகளோ, அம்மாவுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பு என்று முடிவு கட்டியிருந்தாள். இருவரையும் சேர்த்து உட்காரவைத்த அன்று, மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "நான்தான் அனுப்பிவெச்சேன். உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை."

மகள் நிமிர்ந்து, "உனக்கா?" என்றாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. நல்லதென்றே நினைத்தேன், அதுவரை அந்தக் கோபம் முழுக்க அவள்மேலேயே பாய்ந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது, இனி வீட்டில் எல்லாவற்றையும் பேசிவிடலாமா என்று அம்மா கேட்டார். எப்போது, எவ்வளவு என்பதை மகள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அம்மாவுக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.