கடைசிக் கரண்டி

ஜனவரி 19

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் திரும்பவும். 1920இல் வந்த 'த மிஸ்டீரியஸ் அஃபெயர் அட் ஸ்டைல்ஸ்'. ஆர் செய்தது என்று தெரிந்த பிறகும் இதை வாசிக்கலாம். இதில் கொலை செய்வது ஆளில்லை, போத்தல்.

வீட்டுக்காரக் கிழவி குடிக்கிற சத்து மருந்தில் கொஞ்சம் ஸ்ட்ரிக்னைன் இருக்கிறது. அந்தக் காலத்தில் டொக்டர்மாரே எழுதிக்கொடுத்ததுதான். ஒரு வேளை அளவு ஆளைக் கொல்லாது. அதற்குள் புரோமைட் தூளைப் போட்டால் ஸ்ட்ரிக்னைன் கரைசலில் நிற்காது. நுண்ணிய பளிங்காகப் பிரிந்து அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதை ஒவ்வொரு வேளையாகக் குடித்து வர ஒன்றும் நடக்காது. கடைசிக் கரண்டியில் முழு நஞ்சும் ஒன்றாக இறங்கும். அன்றைக்குக் கொலையாளி அந்த வீட்டிலேயே இருக்கத் தேவையில்லை.

திட்டம் பிழைக்க ஒரே வழி, கிழவி போத்தலைக் குலுக்குவது. கிறிஸ்டி முதல் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர். அதனால் இந்த இடத்தில் அவருக்குக் கை நடுங்கவில்லை. புரோமைட் நித்திரைத் தூள் இருந்த வெற்றுப் பெட்டியை நேரத்தோடேயே வாசகருக்குக் காட்டியும் விடுகிறார். நாங்கள்தான் அதைத் தாண்டிப் போகிறோம்.

வாட்டில் கட்டிலடி மேசையில் இருக்கிற மருந்துப் பாணியின் லேபிளில் மூன்று மொழியிலும் 'நன்றாகக் குலுக்கவும்'.

ஜனவரி 20

ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 22

பழைய மாத நாவல் கட்டு ஒன்று கிடைத்தது. அட்டை கழன்றவை. இரண்டை முடித்தேன், மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டேன். மூன்றிலும் ஒரே டொக்டர் வருகிறார்: உடலைத் தொட்டுப் பார்த்து, "இரவு பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் இடையில் இறந்திருக்கிறார்" என்கிறார். அரை மணித்தியாலக் கணக்கு!

உடல் விறைப்பது தாடையிலும் கழுத்திலும் இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் தொடங்கும். கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முழு உடலும் விறைக்கும், பிறகு ஒரு நாள், ஒன்றரை நாளில் தளரும். எல்லாம் சராசரி. வெக்கை இருந்தால் வேகம், ஓடிக் களைத்துச் செத்தவருக்கு இன்னும் வேகம். உடற்சூட்டைக் கொண்டு கணிப்பது இங்கிலாந்துக்குச் சரி. மணித்தியாலத்துக்கு முக்கால், ஒரு பாகை என்று குறையும். சித்திரையில் மாங்குளத்தில் வெளியே 35 பாகை, உடல் 37. ஆறுவதற்கு எங்கே இடம்? இந்த ஊரில் அந்த முறையால் நேரம் சொல்கிற டொக்டர் பொய்தான் சொல்வார்.

அதனால் நேரத்தில் தொங்கும் அலிபாயை ('நான் அப்போது அங்கே இல்லை' என்ற சாட்சியை) வெக்கை ஊரில் எழுதுபவர் வேறு கடிகாரம் தேட வேண்டும். கடைசி பஸ், கரண்ட் போன நேரம், போன் பதிவு, கோயில் மணி. இவை உடலை நம்பி இல்லை. மாத நாவல்காரர் ஒரு மாதத்துக்குள் எழுதி முடிக்க வேண்டியவர். அவரிடம் இதைக் கேட்பது ஞாயமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஜனவரி 23

பிராண்டன் சாண்டர்சன், 'மிஸ்ட்போர்ன்' (2006). மந்திரம் என்றால் இப்படிச் செலவுக் கணக்கோடு வர வேண்டும். உலோகத் துகளை விழுங்கி வயிற்றில் 'எரிக்க' வேண்டும். வெள்ளீயம் புலன்களைக் கூர்மையாக்கும், பியூட்டர் உடலுக்குப் பலம் தரும், இரும்பு உலோகத்தை இழுக்கும், உருக்கு தள்ளும். உலோகம் முடிந்தால் வித்தையும் முடிந்தது.

தள்ளுவதற்கும் எடை உண்டு. உன்னைவிட லேசான காசைத் தள்ளினால் காசு பறக்கும். உன்னைவிடப் பாரமானதைத் தள்ளினால் நீ பறப்பாய். அதனால் காசை நிலத்தில் போட்டுத் தள்ளுகிறார்கள்; நிலம் விட்டுக்கொடுக்காது, ஆள் கூரைக்கு மேலே போகிறார். இந்த விதியைத் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, கடைசிவரை அதையே திருப்பித் திருப்பிப் பாவிக்கிறார். வாசகருக்கு எவ்வளவு விளங்கியதோ அவ்வளவுக்குத்தான் மந்திரத்தால் சிக்கலை அவிழ்க்கலாம் என்பது அவரே கட்டுரையாக எழுதிய சட்டம். துப்பறியும் கதையின் சட்டமும் இதேதான்: முடிவில் பாவிப்பதை முன்னுக்குக் காட்டியிருக்க வேண்டும். இரண்டு வகையையும் நான் ஒரே தராசில் வைப்பது இதனால்.

குறை: பின்பாதியில் ஒவ்வொரு சண்டையும் கடைக்காரரின் கணக்குக் கொப்பி. எது எரிகிறது, எவ்வளவு மிச்சம், அடுத்தது எது.

ஜனவரி 26

பக்கத்துக் கட்டில் ஐயா தினமும் ஒரே கேள்வி. "தம்பி, ஆர் செய்ததெண்டு பிடிபட்டிட்டுதோ?"

ஜனவரி 27

ஜோசஃபின் டேயின் 'த டாட்டர் ஆஃப் டைம்' (1951). வாட்டில் இருந்து வாசிக்க இதைவிடப் பொருத்தமான நாவல் இல்லை. காலுடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பொலிஸ் அதிகாரி, முகட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஐந்நூறு வருடப் பழைய வழக்கை எடுக்கிறார். ஓட்டம் இல்லை, துவக்கு இல்லை, சாட்சிகள் எல்லாரும் செத்துப்போனவர்கள். புத்தகமும் கடிதமும் மட்டும்.

வழக்கு இது. 1483இல் லண்டன் கோபுரத்தில் இரண்டு பொடியங்கள். ஐந்தாம் எட்வர்ட், வயது பன்னிரண்டு. தம்பி ரிச்சர்ட், ஒன்பது. சிறிய தகப்பன் மூன்றாம் ரிச்சர்ட் அரசனாகிறான். பிறகு பிள்ளைகளைக் கண்டவர் இல்லை. உடலும் இல்லை. 1674இல் படிக்கட்டுக்குக் கீழே எலும்புகள் எடுத்தார்கள், வெஸ்ட்மின்ஸ்டரில் தாழிக்குள் வைத்தார்கள். 1933இல் திறந்து பார்த்தும் ஆருடையது என்று உறுதியில்லை.

டேயின் வேலை எங்கே நல்லது என்றால், சாட்சியின் வயதைக் கேட்கிற இடத்தில். மூன்றாம் ரிச்சர்டைக் கொடியவன் ஆக்கியதில் பெரிய பங்கு தோமஸ் மோரின் நூலுக்கு. சம்பவம் நடந்தபோது மோருக்கு ஐந்து வயது. பார்த்ததில்லை, கேட்டது, கேட்டதும் ரிச்சர்டின் எதிரிகளிடம். எந்த வழக்கிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

எங்கே சறுக்குகிறது என்றால், இல்லாததைச் சாட்சியாக்கும் இடத்தில். 1485இல் வென்று வந்த ஏழாம் ஹென்றி, ரிச்சர்ட் மேல் பாராளுமன்றத்தில் குற்றப்பட்டியல் போட்டான். அதில் பிள்ளைகளின் கொலை இல்லை. ஆகவே அப்போது பிள்ளைகள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று நாவல் வாதாடுகிறது. வாசிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தப் பட்டியலில் பாலர் இரத்தம் சிந்தியது என்று ஒரு வரி கிடக்கிறது. பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை, வரி மட்டும். டே அந்த வரியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாதம் இவ்வளவு மிடுக்காக நின்றிராது.

பட்டியலில் பெயர் இல்லாதது எதற்கும் சாட்சி ஆகாது என்று கிளிநொச்சியில் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வந்து இருந்த தாய்மார் கேட்டதே பட்டியலைத்தான்.

இன்னொன்று. கூன் என்பது எதிரிகள் கட்டிய கதை என்ற பக்கம்தான் நாவல் சாய்கிறது. 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் தரிப்பிடத்துக்குக் கீழே ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. கொன்றவன் என்று சொல்லப்பட்டவனின் உடல் கிடைத்துவிட்டது. பிள்ளைகளின் கதை 1483இலேயே நிற்கிறது.

ஜனவரி 29

அரிவு வெட்டுத் தொடங்கிவிட்டது. இரவு இரண்டு பாம்புக்கடி வாட்டுக்கு வந்தது. இரண்டும் வயல் வரம்பில். புடையன், கண்ணாடி விரியன்.

அதனால் ஷெர்லாக் ஹோம்ஸின் 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' (1892). காற்றோட்டத் துளையால் பாம்பு வருகிறது, மணிக்கயிற்றால் இறங்குகிறது, கடிக்கிறது. விசிலடித்தால் திரும்பிப் போய்ப் பால் குடிக்கிறது. ஹோம்ஸ் அதை இந்தியாவின் மிகக் கொடிய சதுப்பு விரியன் என்கிறார். அப்படி ஒரு பாம்பு இல்லை. பாம்பைப் பால் கொடுத்துப் பழக்க முடியாது. அதன் காது தாழ்ந்த அதிர்வுக்குத்தான், விசிலின் உச்சத்துக்கு இல்லை. பத்து விநாடிக்குள் செத்தான் என்பது இன்னும் மோசம். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் பழுதாகும். இவற்றுக்கு மணித்தியாலங்கள், நாட்கள். இங்கே கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறார்கள். ஓடினால் விஷமுறிவு மருந்து, தொடக்கமே பத்து குப்பி.

கொனன் டொயிலுக்குத் தேவைப்பட்டது கட்டுவிரியன். இரவில் நித்திரையில் கிடப்பவரைக் கடிக்கும், நோவு பெரிதாகத் தெரியாது, பல் பட்ட இடத்தைத் தேட வேண்டும். பிறகு வயிற்றுக்குத்து, கண்மடல் இறக்கம், விடிவதற்குள் மூச்சு அடங்கும். பூட்டிய அறை, காயம் இல்லாத உடல், காரணம் தெரியாத சாவு: விசிலும் பாலும் இல்லாமலே கதை ஓடும். வன்னியில் ஓலைப்பாயில் படுத்த எந்தக் கிழவரும் சொல்லியிருப்பார்.

பெப்ரவரி 1

கரண்ட் இல்லை. வாசிப்பு இல்லை.

பெப்ரவரி 2

ரொபர்ட் ஜாக்சன் பெனட்டின் 'த டெய்ன்டட் கப்' (2024, அடுத்த வருடம் ஹியூகோ பரிசு). துப்பறிதலும் மாயமும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கும் புத்தகம். மாளிகையில் ஒரு பொறியியல் அதிகாரி செத்துக் கிடக்கிறார். உடலைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. அந்த நாட்டில் மழைக்காலத்தில் கடலிலிருந்து மலை போன்ற விலங்குகள் வரும். தடுக்கப் பெரிய மதில்கள், மதிலைக் காக்கப் பொறியியலாளர் படை. துப்பறியும் அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார். உதவியாளன் பார்த்ததெல்லாம் மறக்காதவன். வாசனைக் குப்பிகளை மோந்து மோந்து ஞாபகத்தை அடுக்கி எடுப்பான்.

மரத்தின் இயல்பு என்ன, வித்து எப்படி உள்ளே போகும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற மூன்றையும் தந்துவிட்டுத்தான் ஆர் என்ற கேள்வியைப் போடுகிறார். ஸ்டைல்ஸ் போத்தலின் அதே ஒழுங்கு, புரோமைட்டுக்குப் பதில் மரம்.

எனக்குப் பிடித்தது மதில்தான். ஒரு மதிலைப் பராமரிக்கிற ஆட்கள் சிலர் செத்தால் எவ்வளவு பெரிய நிலம் ஆபத்தில் என்று இரணைமடுக் குளத்து வான்கதவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீரன், வாள், ஆரூடம் என்று போகாமல், கட்டைக் காக்கிறவனைக் கதையின் நடுவில் வைத்த மாயநாவல் அபூர்வம்.

பெப்ரவரி 4

லீவு நாள். இன்றும் ரிப்போர்ட் வராது. கிறிஸ்டியின் 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926), ஒரு பக்கம் மட்டும். கடிதம் கொண்டுவந்தது எட்டு நாற்பதுக்கு. கதை சொல்பவர் அறையை விட்டு வெளியேறியது எட்டு ஐம்பதுக்கு. இரண்டும் அடுத்தடுத்து, இரண்டும் உண்மை. நடுவில் பத்து நிமிடம். ஒரு பொய்யும் எழுதாமல் அதை விழுங்கியிருக்கிறார். நூறு வருடமாகியும் இதைவிடச் சுத்தமான ஒளிப்பை நான் வாசிக்கவில்லை.

பெப்ரவரி 5

செய்ஷி யோகோமிசோ, 'த ஹொன்ஜின் மர்டர்ஸ்', 1946. கல்யாண இரவு, பூட்டிய வீடு, கொட்டோ என்ற ஜப்பானிய வாத்தியத்தின் நரம்பொலி, வெளியே பனியில் குத்தி நிற்கும் வாள், காலடி இல்லை. காகிதக் கதவு நாட்டில் பூட்டிய அறைக் கதை நடக்காது என்பதால் தனி இணைப்பு வீடும் பலகைக் கதவும் கட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். இந்த முன்னேற்பாட்டுக்கே பாராட்டு. எங்கள் பக்கம் எழுதினால்? கிடுகு வீட்டில் முடியவே முடியாது. ஓட்டு வீட்டிலும் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் பூனை போகும் இடைவெளி. புது வீட்டுத்திட்ட வீடு என்றால் யன்னல் கம்பிக்குள்ளால் ஏதாவது செய்யலாம்.

பொறிமுறை எனக்கு ஒட்டவில்லை. கயிறும் சில்லும் அதிகம். கதவை உடைத்து முதலில் உள்ளே பாய்ந்தவனே செய்தவன் என்ற இஸ்ரேல் ஸாங்வில்லின் 1892 உத்தி இதைவிட மலிவு, இதைவிட நம்பக்கூடியது.

பெப்ரவரி 7

ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா' (2022, புக்கர்). கொலையுண்டவனே துப்பறிகிறான், தன்னை ஆர் கொன்றது என்று அவனுக்கே தெரியாது. ஏழு இரவு தவணை. செத்தவர்களுக்கும் வரிசை, கவுண்டர், படிவம், காதுச் சோதனை; அந்தப் பகுதி எனக்கு மாயமாகவே படவில்லை. ஆவிக்கு விதி உண்டு: உடல் போன இடத்துக்குப் போகலாம், ஆராவது பெயர் சொன்னால் அங்கே போகலாம். நல்ல விதி. பெயர் சொல்ல ஆளில்லாத ஆவி என்ன செய்யும் என்று உடனே கேட்கவைக்கும் விதி.

'நீ' என்று முன்னிலையில் முழு நாவலையும் கொண்டுபோவது முதல் நூறு பக்கம் உறுத்தியது, பிறகு இல்லை. நடுப்பகுதியில் பகிடி கூடி இழுவை. உடல் பேரை வாவியில் போடப்படுவதை அவன் மேலே நின்று பார்க்கும் பக்கங்களில் மட்டும் பகிடி சரியான அளவு.

ஐயாவுக்குக் கதையைச் சொன்னேன். "அவனுக்கு உடம்பு எங்கையெண்டு தெரியும்தானே" என்றார்.

பெப்ரவரி 8

கெய்கோ ஹிகாஷினோ, 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஆர், எப்படி, ஏன் எல்லாம் தொடக்கத்திலேயே கண்முன்னால். முன்னாள் புருசனை ஒரு பெண் கொல்கிறாள், பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் மறைத்துக்கொடுக்கிறார். பிறகு எதைக் கண்டுபிடிக்க? பாதி வந்துவிட்டேன், இன்னும் பக்கம் புரட்டுகிறேன் என்றால் ஆசிரியர் எதையோ ஒளிக்கிறார்.

எனக்கு இடிப்பது இது. ஆற்றங்கரையில் உடல். முகம் சிதைக்கப்பட்டிருக்கிறது, விரல் நுனி எரிக்கப்பட்டிருக்கிறது. ஆளை அடையாளம் காணக் கூடாது என்ற வேலை. ஆனால் கிட்டவே களவெடுத்த புதுச் சைக்கிள், அதில் கைரேகை, அந்த ரேகை நேரே செத்தவனின் வாடகை அறைக்குப் போகிறது. இவ்வளவு கவனமான கணக்கு வாத்தியார் சைக்கிளைத் துடைக்காமல் விடுவாரா? பொலிஸ் இதைக் கவனக்குறைவு என்று எடுக்கிறது. அப்படியென்றால் அந்த உடல்